இருபத்து நாலு மணி நேரக் கேன்

“அண்ணே! ஊத்தாதீங்கண்ணே!”

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்தபடியே ஓடினான் கர்ணன். நிமிர்ந்தால் கம்பி நெற்றியைக் கிழித்துவிடும். அவனுக்குப் பின்னால், செருப்பை ஒரு கையிலும் ஒரு வெள்ளைக் கேனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவன் மனைவி இருளம்மாள். பந்தலின் கோடியில் நீல டிரம். அதற்கு மேல் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனைத் தூக்கிப் பிடித்திருந்தார் தோட்டக்காரர் ஈஸ்வரபாண்டி. விரல்கள் மூடியில்.

“தொறந்துறாதீங்க!”

ஈஸ்வரபாண்டியின் கை நின்றது. “யாருப்பா நீ? ஒரு கேன் கோமியத்துக்கு இந்த ஓட்டம் ஓடுற?”

“கோமியம் இல்லண்ணே அது.” கர்ணனுக்கு மூச்சு வாங்கியது. “என்னோடது.”

ஈஸ்வரபாண்டி கேனைப் பார்த்தார். கர்ணனைப் பார்த்தார். கேனை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கம்பத்திலிருந்து தேனி செல்லும் பஸ்ஸில் முன் சீட்டுக்கு அடியில் ஒரே மாதிரி இரண்டு கேன். ஒன்று திராட்சைக்கு அடிக்க ஈஸ்வரபாண்டி கொண்டுவந்த கோமியம். இன்னொன்று, லேபில் கொடுப்பதற்காகக் கர்ணன் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர். அனுமந்தன்பட்டியில் இறங்கிய ஈஸ்வரபாண்டி கேனை மாற்றித் தூக்கிவிட்டார். கர்ணன் குனிந்து பார்த்தது உத்தமபாளையத்தில். கண்டக்டர் அடையாளம் சொல்ல, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்திருந்தார்கள்.

“லேப் சீட்டு ஒட்டிருக்கே, பாக்கலையாண்ணே?”

“கண்ணாடி போடலப்பா. நம்ம மாடு இம்புட்டுத் தெளிவாக் குடுக்காதேன்னு ஒரு ரோசனை வரத்தேன் செஞ்சுச்சு.”

“இந்தாங்க உங்க மாட்டுது,” என்று மற்ற கேனை நீட்டினாள் இருளம்மாள்.

கர்ணன் மூடியைப் பார்த்தான். சுற்றியிருந்த டேப் பிரியவில்லை. மணி ஒன்பது ஐம்பது. பதினொன்றுக்கு லேப் வண்டி மதுரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் போச்சு.

கர்ணன் பன்னிரண்டு வருடமாகத் தனியார் பஸ் டிரைவர். மூன்று மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, சட்டை நனைகிறது, பிரஷர் எகிறுகிறது. கிட்னிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று டாக்டர் ஜெபஷீலாவுக்குச் சந்தேகம். முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமைக்குள் கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் ஸ்டியரிங். இல்லையென்றால் வேறு ஆள்.

ஆட்டோ பறந்தது. ஓட்டிய மாரிசெல்வத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏண்ணே, ரத்தத்துல பாக்காம இதுல என்னத்தப் பாக்கப் போறாக?”

“பயந்தா அட்ரினலின்னு ஒண்ணு ரத்தத்துல ஏறுமாம்டா. ஏறுனாலும் ரெண்டு மூணு நிமிசந்தேன் நிக்கும். கல்லீரல் கண்டக்டர் மாதிரி டிக்கெட்டக் கிழிச்சுரும். கிட்னி பின்வாசல்ல எறக்கி விட்டுரும். பஸ்ஸுக்குள்ள தேடுனா ஆளு சிக்காது. கிழிஞ்ச டிக்கெட்ட ஒரு நாள் பூரா பொறுக்கிச் சேத்தா, எத்தன பேரு ஏறுனான்னு தெரிஞ்சுரும்.”

“கட்டி இருந்தா?”

“ஓவர்லோடு.”

“இப்ப நீங்க பயந்த பயத்துக்கே ரெண்டு பஸ் ரொம்பிருக்கும்ணே!”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி,” என்றாள் இருளம்மாள்.

பழனிசெட்டிபட்டி லேப் வாசலில் ஆட்டோ நின்றபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. வேனின் பின்கதவு பாதி மூடியிருந்தது. மீதிப் பாதியில் கேன் உள்ளே போனது.

சனிக்கிழமை.

டாக்டர் ஜெபஷீலா ரிப்போர்ட்டைப் படித்தார். முகம் இறுகியது.

“அட்ரினலின் அளவு கூடத்தான் இருக்கு கர்ணன்.”

அடுத்த வரிக்குப் போன டாக்டரின் பேனா சட்டென்று நின்றது. திரும்ப மேலே போனது. திரும்பக் கீழே வந்தது.

“கிரியேட்டினின்னு ஒண்ணு இருக்கு. தசையிலருந்து வர்றது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இவ்வளவுன்னு உண்டு. இதுல ஒரு ஆளுக்கு வரவே வராத அளவு இருக்கு. கேன்ல வேற ஏதாவது கலந்துச்சா?”

“கோமியமா? டேப்பே பிரியல டாக்டர்! என் கண்ணால பாத்தேன்.”

“அப்ப டேப் ஒட்டுறதுக்கு முன்னாடியே கலந்திருக்கு. ரெண்டு ஆளுக்குன்னு வச்சுப் பாத்தா, உங்க பங்கு நார்மலுக்குள்ளதான் வரும். இன்னொரு தடவ சேத்துக் குடுங்க, உறுதி பண்ணிருவோம். முதலாளிக்கு நாலு நாள் பொறுக்கச் சொல்லி நான் எழுதித் தர்றேன். ஆனா அந்த ரெண்டாவது ஆளு யாரு?”

கர்ணன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். இருளம்மாள் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை மேலிருந்து கீழாக மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா?”

“பால் சொசைட்டியில கேன் கொறஞ்சா என்ன பேச்சுப் பேசுறாக! இதுவும் மொத நாளு மத்தியானம் பாத்தா கால்வாசிகூட வரல. கொற கேனுன்னு திருப்பி விட்டுட்டா, உங்களுக்கு வண்டி போயிருமேன்னு…”

“போயிருமேன்னு?”

“விடியுற வரைக்கும் மிச்சத்த நாந்தேன் ரொப்புனேன்.”