குட்டைக் கொம்பு எந்தப் பக்கம்?

1

இப்படிக் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் மலை உண்டு, ஏரி உண்டு, அரசி உண்டு, டிராகனும் உண்டு. டிராகன் கடைசிவரை வராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிப்பானேன். என் ஓரகத்தி கொடுத்தது. என் கணவருடைய தம்பி மனைவி. அவளும் அவள் வீட்டுக்காரரும் போன மாதம் ஒரு சுற்றுலா போனார்கள். மூன்று பாகமாக வந்து எல்லாரையும் அழவைத்ததே ஒரு மாயாஜாலப் படம், அதை எடுத்த இடங்களையெல்லாம் வேனில் வைத்துச் சுற்றிக் காட்டுகிற சுற்றுலா. திரும்பி வந்தவள் என் சமையலறையில் உட்கார்ந்து கதை முழுவதையும் கொட்டினாள். முடிவை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். எழுதிக்கொண்டே போனால் அது தானாக வந்து நிற்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். நிற்கிறதா பார்ப்போம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனிப்புடவை உடுத்திய மலைமகள், மேகத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி—"

அடித்துவிட்டேன். மலைக்குப் புடவை கட்டிவிடுகிற வேலை எனக்கெதற்கு. அடுத்து:

"அந்த மலையைக் கண்டதும் அவளுக்குத் தன் வாழ்க்கையே கண்முன்—"

இதுவும் சரிப்படவில்லை. ஓரகத்தியையே கேட்டேன். "மலையப் பார்த்ததும் உனக்கு என்ன தோணிச்சு?"

"ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில போயிருச்சேன்னு தோணிச்சுக்கா."

ஆகவே மலையை உள்ளபடி சொல்கிறேன். பெரியது. உச்சியில் இரண்டு கொம்பு. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கீழே ஏரி. குட்டைக் கொம்பு எந்தப் பக்கம் என்பதை மட்டும் நீங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் சுமக்கிறேன்.

3

ஓரகத்தியின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். (எனக்குக் கொழுந்தன்தான். ஆனால் உறவு சொல்லி எழுதினால் பேனா மரியாதை பார்க்கிறது. கடைக்காரர் என்றே இருக்கட்டும்.) முன்னால் ஃபிரேம் அலமாரி, பின்னால் திரை போட்ட ஒரு குட்டி அறை, அதில் கண் பரிசோதனை. ஓரகத்தி முன்னால் நின்று, காது வலிக்கிறதா, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டு ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள்.

ஒரே மகள். சின்னவளாக இருந்தபோது கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அரசி ஏரிக்கரையில் நின்று தன் கிரீடத்தைத் தண்ணீரில் வீசுகிற காட்சி வந்தால் அப்பாவும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். "பெரியவளானதும் உன்ன அங்க கூட்டிட்டுப் போறேன்" என்பார். அவள் பெரியவளானாள். கண் படிப்புப் படித்தாள். கடையிலேயே இரண்டாவது நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தலை சுற்றுகிறது என்று வந்தார். மகள் வாங்கிப் பார்த்தாள். அவர் முன்னாலேயே சொன்னாள்.

"அப்பா, வலது கண்ணுக்கான பவரை இடது கண்ணுக்குப் போட்டிருக்கீங்க."

"நான் மாத்திப் போடுறவனா?"

"போட்டிருக்கீங்களே."

"அப்ப இந்தக் கடையில ரெண்டு பேருக்கு வேலையில்ல" என்றார்.

மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். இப்போது வேறு ஊரில், ஒரு கண் மருத்துவமனையில் வேலை. அம்மாவோடு பேசுவாள். அப்பா குரல் கேட்டால் வைத்துவிடுவாள். இரண்டாவது நாற்காலியில் ஃபிரேம் பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

(வலது, இடது மாறியது கதைக்காக ஜோடித்தது போலிருக்கிறதே என்று இந்த இடத்தை அடித்து, தூரப்பார்வை, கிட்டப்பார்வை என்று மாற்றி எழுதினேன். ஓரகத்தி படித்துவிட்டு, "நடந்ததே அதுதான்கா, நீ எதுக்குத் திருத்துற?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் திருத்தினால் யாருக்கும் பிடிக்காது.)

மன்னிப்பு என்ற சொல் கடைக்காரருக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதனால் அவர் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார். அரசி நின்ற அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புவது. அச்சு அசலாக இருக்க வேண்டும். பார்த்தால் அவள் பேசிவிடுவாள். மகளின் அறைச் சுவரில் அந்தக் காட்சியின் படம் ஒட்டியிருந்தது. அதை நான்கு மூலை டேப்போடும் பிய்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

4

வேன் ஓட்டுநர்தான் வழிகாட்டியும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் மைக். மலைச்சாலை வளைந்து வளைந்து ஏற, ஒருபக்கம் அருவி, மறுபக்கம் அதலபாதாளம். யாரும் வெளியே பார்க்கவில்லை. வேனுக்குள் இருந்த டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது, அதில் இதே மலைச்சாலை வந்தது.

முதலில் நிறுத்திய இடம், கார் நிறுத்துகிற ஒரு திடல்.

"இங்கதான் டிராகன் முட்டை போட்டுச்சு" என்றார் ஓட்டுநர்.

"எங்க?" என்றாள் ஓரகத்தி.

"வெள்ளைக் கார் ஒண்ணு நிக்குதில்ல, அதுக்குக் கீழ."

எல்லாரும் வெள்ளைக் காரைப் படம் எடுத்தார்கள். காரின் சொந்தக்காரர் ஓடி வந்து, என்ன ஒழுகுகிறதோ என்று குனிந்து பார்த்தார்.

அடுத்தது கோட்டை. கோட்டை அங்கே இல்லை. ஒட்டுப்பலகையில் முன்சுவர் மட்டும் கட்டினார்களாம், படம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பாறையில் போல்ட் அடித்த ஓட்டைகள் மட்டும் மிச்சம். வேனில் வந்த ஒருவர் நீல அங்கியை வாடகைக்கு எடுத்து, கழற்றாமலே திரிந்தார். சாப்பிடும்போதும் அங்கிதான். ஓரகத்தி அவருக்கு மந்திரவாதி என்று பேர் வைத்திருந்தாள். அவர் மண்டியிட்டு ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன பண்றாரு அவரு?"

"உணர்றாரு" என்றார் கடைக்காரர்.

"பூரான் இருக்கப்போகுது."*

* அவ்வளவு உயரத்தில் பூரான் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பேச்சு நன்றாயிருந்தது, விட்டுவைத்தேன்.

5

ஏரிக்கரைக்கு வந்தார்கள். "அரசி கிரீடம் வீசிய இடம்" என்று பலகையே நட்டிருந்தது. கடைக்காரர் பையிலிருந்து படத்தை எடுத்து, மலைக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். ஏரி சரி. கரையில் பாறை சரி. மலையில் வந்து கண் நின்றது. படத்தில் குட்டைக் கொம்பு இடப்பக்கம். எதிரே இருக்கிற மலையில் வலப்பக்கம்.

"இது இல்ல."

"பலகை வச்சிருக்கே சார்" என்றார் ஓட்டுநர்.

"பலகைய யாரு வேணா நடலாம். மலை தப்பா இருக்கு."

ஓட்டுநர் திரும்பி மலையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "நான் பொறந்ததுலேருந்து அது இப்படித்தான் சார் இருக்கு."

"அப்ப வேற ஏரி இருக்கும்."

வேறு ஏரி தேடும் படலம் தொடங்கியது. ஏரியைச் சுற்றி அக்கரைக்குப் போனார்கள். அங்கே மலை முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. இன்னும் மேலே ஏறினார்கள். இரண்டு எருமை இறங்கினால் நிரம்பிவிடும் ஒரு தேக்கம் இருந்தது. மந்திரவாதிக்குப் பொறுமை போயிற்று.

"உங்களால எங்களுக்கு டிராகன் குகை போச்சு சார்."

"குகையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. இருந்தாலும் பார்க்கணும்ல."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். ஓரகத்தி சிரிக்கவில்லை. அங்கே, படத்தைப் பிடித்திருந்த கடைக்காரர் கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மூலை டேப் விரலில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழவில்லை.

"கிட்டத்தட்ட இருந்தாப் போதாதாங்க?" என்றாள்.

"போதாது. அச்சு அசலா இருந்தாத்தான் அவ நம்புவா."

"எத? நாம வந்தத?"

"நான் மறக்கலங்கறத."

6

கடைசி நாள். அதே ஏரிக்கரை. இந்த இடத்தில் முதல் பிரதியில் ஓட்டுநர் வந்து விஷயத்தை விளக்கிவிடுவதாக எழுதியிருந்தேன். வேனை ஓட்டி, மைக்கும் பிடித்து, கதையையும் அவரே அவிழ்ப்பதென்றால் அந்த மனுஷன் பாவம். நடந்தபடியே எழுதுகிறேன்.

ஓரகத்தி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து காலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். படம் மடியில். வேனின் மூக்கு சாலையைப் பார்த்து நின்றது, மலை பின்னால். குனிந்து படத்தைப் பார்த்தவள் நிமிர்ந்தாள். கதவுக்கு வெளியே, பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்திருந்த கண்ணாடியில் மலை தெரிந்தது. குட்டைக் கொம்பு இடப்பக்கம். மறுபடி மடியைப் பார்த்தாள். அதே மலை. அதே பனி. அதே குட்டைக் கொம்பு.

படம் எடுத்தவர்கள் காட்சியையே இடவலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அரசியின் அழகான கன்னம் எந்தப் பக்கமோ, அவர்கள் கவலை அவர்களுக்கு.

கீழே இறங்கப் போனவள் நின்றாள். கடைசியாக அவரைத் திருத்தியவள் வேறு ஊரில் இருக்கிறாள். சுற்றிலும் வேன் கூட்டம். சொல்லாமல் விட்டால், தப்பான மலை என்றே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார், படமும் போகாது, பேச்சும் வராது. அவள் கதவைத் திறந்து மெல்லக் கூப்பிட்டாள்.

"என்னங்க. நம்ம டெஸ்ட் ரூம்ல எழுத்து அட்டைய ஏன் இடவலம் மாத்தின எழுத்தா மாட்டியிருக்கோம்?"

"இது என்ன கேள்வி இப்ப. ரூம் சின்னது. அட்டை உக்காந்திருக்கறவங்க தலைக்குப் பின்னால இருக்கு. எதிர்க் கண்ணாடியில பார்த்துப் படிச்சா எழுத்து நேரா வரும். நீதான தினம் அத தொடைக்கிற."

"ஆமா. அதான்."

அவள் விரல் போன பக்கம் அவர் கண் போனது. வேன் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். படத்தை வாங்கிப் பக்கத்தில் பிடித்தார். பிறகு சட்டை நுனியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இத யாரும் தொடைக்கறதே இல்ல போல" என்றார்.

7

(இங்கே அவருக்கு ஒரு நல்ல வசனம் கொடுக்கலாம் என்று, "இத்தனை நாள் நான் வாழ்வையே மாற்றி—" என்று எழுதிப் பார்த்தேன். கடைக்காரர் அப்படிப் பேசினால் ஓரகத்தி டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.)

அவர் செய்தது வேறு. அரசி நின்ற பாறையில் ஏறி, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, அவளையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, போனைத் தங்கள் முகத்துக்கு நேரே திருப்பினார். போன் திரை கண்ணாடி மாதிரிதான் காட்டும். இருவர் தோளுக்கும் மேலே மலை. குட்டைக் கொம்பு இடப்பக்கம். அச்சு அசல்.

தட்டினார். படம் விழுந்தது. விழுந்த படத்தில் போன் தன் புத்திசாலித்தனத்தில் எல்லாவற்றையும் நேராக்கி வைத்திருந்தது. குட்டைக் கொம்பு வலப்பக்கம் போய்விட்டது.

"போன் கூட என்னத் திருத்துது பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை என்று ஓரகத்தி சொல்கிறாள்.

போனை அவளிடம் நீட்டினார். "அவளுக்கு வீடியோ போடு. நானும் நிக்கறேன்."

"அவளுக்கு இது நேராத்தாங்க தெரியும். மலை மாறியிருக்குன்னு எடுத்ததும் சொல்லுவா. உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவா."

கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லட்டும்" என்றார்.

போன் மகளுக்கு அடித்தது.

8

முதல் முடிவு: மகள் எடுக்கிறாள், "அப்பா" என்று விம்முகிறாள், மந்திரவாதி அங்கி நுனியால் மூக்கைச் சிந்துகிறார், மேகம் விலகி ஏரியில் வெயில்— போதும். மூன்று பாகப் படத்தை இவ்வளவு கேலி பண்ணிவிட்டு நான்காம் பாகம் நானே எடுப்பதா.

மகள் எடுக்கவில்லை, மணி அடித்து ஓய்கிறது, மலை மௌனமாக நிற்கிறது என்றும் எழுதினேன். இதற்கு நாலு பேர் இலக்கியம் என்பார்கள். ஆனால் அந்த மனுஷனை அந்தக் குளிரில் அப்படியே நிற்கவைத்துவிட்டு எனக்கு இங்கே சோறு இறங்காது.

ஓரகத்தியையே கேட்டேன். "எடுத்தாளா, இல்லையா?"

"அது எங்க வீட்டு விஷயம்கா."

"இவ்வளவும் சொன்னியேடி?"

"இவ்வளவும் ஊர் விஷயம்."

நான் அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மா. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் கண்ணால் பார்த்தேன், அதைத் தருகிறேன். நேற்று அந்தக் கடைக்குப் போயிருந்தேன். இரண்டாவது நாற்காலியில் இருந்த பெட்டிகளைக் காணோம். நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவள் வருகிறேன் என்று சொல்லித் துடைத்தாரா, சொல்லாமலே துடைத்தாரா, அதை உங்களிடம் விட்டுவிட்டேன், கண்ணுகளா. கையில் பிடித்திருந்த குட்டைக் கொம்பை இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் தப்பைத் தப்பென்று சொல்கிற பிள்ளை இருக்கட்டும். சொல்லட்டும் என்று நிற்கிற பெரியவர் இருக்கட்டும். ஒரு நாற்காலி எப்போதும் துடைத்தே கிடக்கட்டும். போன் அடித்தால் எடுக்க ஒரு கை இருக்கட்டும். நன்றாக இருங்கள்.