கழுவிய பாட்டில்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அழுக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. என் மாமியார் வாய் திறந்து பாராட்டிய ஒரே குணம் அதுதான். சோப்புப் போட்டு மூன்று தடவை அலசி, அடுப்படித் துணியை உள்ளே விட்டுத் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அப்புறம்தான் என் வீட்டுக்காரர் அதில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்.

நேற்று முடிவு வந்தது. தண்ணீரில் கிருமியாம். பாசனத் தண்ணீர் சுத்தம் என்ற சான்றிதழ் கிடையாதாம். அது இல்லாத தக்காளியை இனி தொடமாட்டோம் என்று பெரிய கடைக்காரர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றரை ஏக்கரும் சொல்லிவைத்தாற்போல் பழுத்து நிற்கிறது. மிஞ்சிப்போனால் நாலு நாள் தாங்கும். பாவிப் பழம், கொஞ்சம் பொறுத்துப் பழுத்தால்தான் என்ன?

"இந்தத் தண்ணியத்தானேடி நம்ம புள்ளைக்கும் குடுத்தோம்" என்றார் அவர். இரவு சாப்பிடவில்லை.

காலையில் அவருக்குத் தெரியாமல் கூடத்துக்குப் போன் செய்து, அந்தப் பொடி என்னவென்று கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"வெள்ளையா இருந்த பொடி நாங்க போட்ட மருந்து, அக்கா. பாட்டிலையும் கிருமி இல்லாமத்தான் குடுத்தோம், யாராவது அதைக் கழுவினீங்களா? அப்படின்னா சொல்லுங்க, இன்னிக்கே வேற பாட்டில் தரேன். ரெண்டு நாள்ல முடிவு வந்துடும். தண்ணிலதான் கோளாறுன்னா, கிணத்தச் சுத்தம் பண்ணிப் பத்து நாள் கழிச்சுதான் மறுபடி சோதனைக்கு வரணும்."

"நாங்க ஏம்மா கழுவப் போறோம்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நாசமாய்ப் போன நாக்கு. சுத்தக்காரி என்று பெயரெடுத்தவள், என் கையால்தான் கெட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

அப்போதுதான் மோட்டார் சத்தம் காதில் விழுந்தது. ஓடினேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வழிந்து, தரிசு மண்ணில் வீணாகப் பாய்ந்துகொண்டிருந்தது. கிணற்று மேட்டில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, வாய் பிரிக்கப்பட்டிருந்தது. அவர் உள்ளே படியில் குந்தி, சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல்களில் தோல் உரிந்திருந்தது. அடியில் இன்னும் முழங்காலளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி.

"ஏங்க, போதும்!"

அவருக்குக் கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்தினேன்.

"ஏன்டி நிறுத்துன?" வியர்வையும் பாசியுமாக முகத்தை நிமிர்த்தினார். "இன்னும் கொஞ்சந்தான். மருந்தப் போட்டுட்டா சரியாயிடும்."

அவசரத்தில், பாட்டிலைத் துடைத்த அதே அடுப்படித் துணியையும் கையோடு கொண்டுவந்திருந்தேன். இரண்டு கையாலும் அதை முறுக்கிக்கொண்டு, "அந்தப் பாட்டில நாந்தாங்க..." என்று தொடங்கி, ஒரு படி கீழே இறங்கினேன்.