சோற்றுக்கு நடுவே ஒரு குளிசை

"கருவாடு சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை டொக்டர்."

"நெத்தலி? பால்? தயிர்?"

"தொட்டும் பாக்கேல்லை."

"அப்ப உங்கட ரத்தத்தில இவ்வளவு பொஸ்பரஸ் வானத்தில இருந்தே வந்தது? இப்பிடியே போனா எலும்பு கரைஞ்சு, ஒருநாள் கட்டிலால இறங்கேக்குள்ள தொடை முறியும். இல்லாட்டிக் கழுத்தை வெட்டிச் சுரப்பியை எடுக்க வேண்டிவரும். ஒளிச்சுத் தின்னுறதை நிப்பாட்டுங்கோ அம்மா."

போன கிழமை நடந்த பேச்சு. இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்த நாகேஸ்வரிக்கு அதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஒளிச்சுத் தின்னுறதாம்! பேரப்பிள்ளை கண்ட மனுசியைப் பார்த்து, அதுவும் புருசன் பக்கத்தில் நிற்க.

அந்தப் புருசன் ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. அதுதான் டொக்டரின் வாயைவிடப் பெரிய கொடுமை. கொழும்பில், வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் கதிர்காமநாதன் செய்த முதல் வேலை, கருவாட்டுப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. நேற்று அவள் கையைப் பிடித்தார். இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு ஆறுதல் சொல்லப்போகிறாராக்கும் என்று அவளும் கையைக் கொடுத்தாள். அவர் அதை மூக்கடிக்குக் கொண்டுபோய், கருவாடு மணக்கிறதோ என்று மணந்து பார்த்தார்.

"குளிசையை நான்தானே என்ர கையால தாறன்? ஒருநேரம் தவறினதோ? அப்ப வேற என்னெண்டு ஏறும், நீரே சொல்லும்."

பொஸ்பரஸைக் குறைக்க டொக்டர் எழுதித் தந்த அந்தக் குளிசை விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. மூன்று நேரமும் தான் சாப்பிட வந்து மேசையில் இருந்ததும் மாத்திரைப் போத்தலைத் திறந்து, ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பார். அவள் அதைச் சப்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் பரிமாறத் தொடங்குவாள். அந்த ஒரு கவனிப்புக்காகவே அவரில் வைத்த அன்பு போன கிழமைவரை குறையாமல் இருந்தது.

இடுப்பெலும்பு உள்ளே நின்று யாரோ கடைவதுபோல நொந்தது. முதுகு அரித்தது. ஊசி குத்திய கையை அசைக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டிலில் கொட்டாஞ்சேனை பைறோஸா சோற்றுப் பார்சலை மடியில் விரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இதே வருத்தம்தான், இதே வெள்ளைக் குளிசைதான். நாலு வாய் சாப்பிட்டாள், குளிசையைக் கடித்தாள், மறுபடி சோற்றில் கை வைத்தாள்.

"என்ன பைறோஸா, சாப்பாட்டுக்கு நடுவில குளிசை போடுறீர்?"

"வேற எப்ப போடுற அக்கா? சோறு வயித்துல இரிந்தாத்தானே அது பொஸ்பரஸப் புடிச்சி வெளிய கொண்டு போகும். வெறும் வயித்துல போட்டா சுண்ணாம்பு திண்ட மாதிரித்தான். நீங்க எப்ப போடுற?"

"அவர் சாப்பிடேக்குள்ள."

"அவர் சாப்புடக்குள்ளயா? ஏன், கிட்னி போனது அவருக்கா?" பைறோஸா சிரித்த சிரிப்பில் தாதி திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீங்க எப்ப சாப்புடுற?"

நாகேஸ்வரி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். முதலில் அவர். பிறகு அவருடைய தம்பி நமசிவாயம். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய நாளிலிருந்து தன் இரண்டு பெடியன்களோடு இங்கேதான் தங்கியிருக்கிறான். பிறகு அந்தப் பெடியன்கள். பிறகு மேசை துடைத்து, அவர்கள் சாப்பிட்ட கோப்பை கழுவி, குசினிக்குள் நின்றபடி, சட்டியடியில் மிஞ்சியதை.

"எல்லாரும் சாப்பிட்டு எழும்பினாப் பிறகு," என்றாள்.

பைறோஸாவின் சிரிப்பு நின்றுபோனது.

என்ன சாப்பிட்டாய் என்று எல்லாரும் குடைந்து குடைந்து கேட்டார்கள். எப்ப சாப்பிட்டாய் என்று ஒரு பாவியும் கேட்கவில்லை. வருடக்கணக்காக அவள் விழுங்கியது வெறும் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்புக்குத்தான் கழுத்தை வெட்டப் போகிறார்களாம்!

வீடு திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் ஓட்டோவை மறித்து இறக்கினார்கள். இராணுவப் பெண் ஒருத்தி அவள் உடம்பைத் தடவிக்கொண்டு வந்து, துணி சுற்றியிருந்த கையை அமுக்கினாள். ஊசி ஏற்றுவதற்காக நரம்பை வெட்டி இணைத்த இடம். இரத்தம் அதில் எப்போதும் வண்டு மாதிரி இரையும். பெண் திடுக்கிட்டுக் கையை எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

"மொக்கத மே?"

"லெடக், மிஸ். வகுகடு."

கிட்னி வருத்தம் என்றதும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னாள். ஓட்டோவில் ஏறும்போது நாகேஸ்வரி வாய்க்குள் புறுபுறுத்தாள். "கைக்குள்ள குண்டும் இல்லை, கருவாடும் இல்லை. எல்லாரும் வடிவாத் தேடுங்கோ."

வீட்டில் நாலு ஆண்களும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். விடியவே அவள் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போன சோறும் கறியும் மூடினபடியே இருந்தன.

"வந்திட்டீரே? நல்லாப் பிந்திப்போச்சு," என்று கதிர்காமநாதன் குளிசையை எடுத்து நீட்டினார். "இந்தாரும், இதைப் போட்டிட்டு எங்களுக்குச் சோத்தைப் போடும்."

"மச்சாள், பசி உயிர் போகுது," என்றான் நமசிவாயம்.

அவள் குளிசையை வாங்கினாள். வாயில் போடவில்லை. ஒரு கதிரையை இழுத்து, அவருக்கு நேர் எதிரே இருந்தாள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அவள் இருந்து யாரும் கண்டதில்லை. பெடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது சோத்துக்கு நடுவில போட வேண்டிய குளிசையாம். நீங்கள் சாப்பிடேக்குள்ள இல்லை, நான் சாப்பிடேக்குள்ள. நான் ஒண்டையும் ஒளிச்சுத் தின்னேல்லை. உங்களுக்கெல்லாம் முன்னால ஒருநாளும் தின்னேல்லை. அதுதான் என்ர எலும்பைத் திண்டது."

கதிர்காமநாதன் குளிசைப் போத்தலை மூடி மேசையில் வைத்தார்.

"அதுக்கேன் மச்சாள் கத்திறியள்?" என்று நமசிவாயம் சிரித்தான். "போத்தலைக் குசினிக்குள்ள வைச்சாப் போச்சு. நீங்கள் ஆறுதலாச் சாப்பிடேக்குள்ள போடுங்கோவன்."

சரிதான். அது போதும்தான். பொஸ்பரசுக்கு அது போதும்.

ஆனால் கலியாணத்தன்று ஒரே இலையில் இருவரும் சாப்பிட்டபோது, வடையில் பாதியைப் பிய்த்து வெட்கத்தோடு அவள் பக்கம் தள்ளிவைத்த அந்த இளம்பெடியனை அவள் மறக்கவில்லை. மறுநாளே மாமி அகப்பையைக் கையில் தந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் தொண்டைவரை வந்த ஒரு கேள்வி, மாமிக்குப் பயந்தும், பிள்ளைகளின் பள்ளிக்கூட அவசரத்திலும், இடம்பெயர்ந்து வந்த அலைச்சலிலும் திரும்பித் திரும்பி உள்ளே போயிற்று.

"குசினிக்குள்ள வைக்கேலாது," என்றாள். நமசிவாயத்தை அவள் பார்க்கவேயில்லை. "இஞ்சாருங்கோ, உங்களைத்தான். என்ர கையை மணந்து பாத்தனீங்களெல்லே? இப்ப எழும்பி, அந்தக் கையால எனக்கொரு கோப்பையில சோறு போட்டுக்கொண்டு வாங்கோ. வந்து எனக்குப் பக்கத்தில இருந்து, என்னோட சேர்ந்து சாப்பிடுங்கோ."