நுனி கிள்ளிய செண்டுமல்லி

நூலகர் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே செடிகளை எண்ணிவிடுவார். அலமாரியில் புத்தகம் சரிபார்க்கும் அதே பழக்கத்தில், வாசலிலுள்ள தொட்டிகளை இடமிருந்து வலமாகத் தொட்டுக்கொண்டே போவார். பன்னிரண்டு செண்டுமல்லிகளும் நலம் என்றால்தான் தேநீர் தொண்டையில் இறங்கும்.

இளவேனிலின் நடுவில் மனைவியோடு நான்கு நாள் தங்கை வீட்டுக்குப் போக நேர்ந்தது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மாளிடம் விட்டுச் சென்றார். திரும்பி வந்து பார்த்தால், எல்லாச் செடிகளிலும் நுனிக் குருத்து ஒன்றுவிடாமல் கிள்ளப்பட்டிருந்தது.

கண்மண் தெரியாத கோபத்தோடு தையலறைக்குப் போனார். அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் அங்கே நின்றிருந்தனர்.

"என் செடி பூத்தா உங்களுக்கு ஏன்க்கா வயிறு எரியுது?"

"தம்பி, நான் நல்லதுக்குத்தான்..."

"போதும்! இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க."

கதைகளில் செடிகள் சாட்சி சொல்லும். இவருடைய செடிகளுக்கு அந்த வரம் இல்லை. ஆனாலும் அவை சும்மா இருக்கவில்லை. இளவேனில் முடிவதற்குள் ஒவ்வொன்றும் ஐந்தாறு கிளை விட்டு, கிளைக்கொரு மொட்டோடு புதராக நின்றது.

நூலகர் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை பெருகும், பூ கூடும் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த நூலக முத்திரை அவரே குத்தியது. பதினெட்டு ஆண்டுகளாகத் தூசி தட்டியவர், ஒருநாளும் அதைத் திறந்து படித்ததில்லை. அறையில் யாரும் இல்லாதபோதும் அவருக்கு முகம் கன்றியது.

"அன்னைக்கு அங்க நின்ன ரெண்டு பேரும் அக்காகிட்ட துணி குடுக்குறதையே விட்டுட்டாங்களாம்," என்றாள் மனைவி. "பொறாமைக்காரின்னு பேரு. எல்லாம் உங்க புண்ணியம்."

மறுநாள் அந்த இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போய், கையோடு அவர்களை அழைத்துக்கொண்டு தையலறை வாசலில் நின்றார்.

"தப்பு என்னோடதுதான்க்கா," என்று முனகினார்.

தையற்கார அம்மாள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அன்னைக்குத் தெருவுக்கே கேட்டுச்சு தம்பி. இன்னைக்கு எனக்கே கேக்கலையே."

நூலகர் நிமிர்ந்தார். நூலகத்தில் ஒருநாளும் எழுப்பாத குரலை எழுப்பினார்.

"அக்கா செஞ்சதுதான் சரி! எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. வாய்க்கு வந்தபடி பேசினேன். என்னை மன்னிச்சிருங்க!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. இயந்திரம் நின்றது.