பேராசிரியர் முதலில் சாப்பிடட்டும்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒரு மணிக்கு, ரேஸ் கோர்ஸ் சாலை உணவகம் ஒன்றில் மூன்று பேருக்கு வாழையிலை போடப்பட்டது.

ஓர் இலை, தென்கொரியாவின் சோல் நகரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஹான் அம்மையாருக்கு. அவருடைய பல்கலைக்கழகம் ஓர் ஆசிரியரை அனுப்பிவைத்தால் துறைத்தலைவர் கதிரேசனின் கொரிய மொழி, பண்பாட்டுத் துறை பிழைக்கும். இல்லாவிட்டால் ஜூனில் மூடுவிழா. இருந்த ஒரே கொரிய ஆசிரியை கல்யாணமாகி ஊருக்குப் போய்விட, இலக்கணம், வரலாறு, கிம்ச்சி, மேளம் எல்லாவற்றையும் கதிரேசனே நடத்திவந்தார். மேளத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாணவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் பண்பாட்டு வகுப்பில் தம்மை அடித்துக்கொள்ள இந்தத் தீவு நாட்டில் ஆளில்லை என்பது அவர் நம்பிக்கை.

துறையின் நிர்வாகி நிரஞ்சனாவுக்கு டாக்சியிலேயே கதிரேசனின் கொரிய மரியாதைப் பாடம் நடந்திருந்தது. "பெரியவங்க கை வைக்கிற வரைக்கும் நாம இலையைத் தொடக்கூடாது."

சோறு வந்தது. சாம்பார் வந்தது. கதிரேசன் கைகளை முழங்கால்மேல் வைத்து, தலை தாழ்த்திக் காத்திருந்தார். பேராசிரியரும் அசையவில்லை.

"சார், சாம்பார் இலையைத் தாண்டி ஓடுதுலா," என்றாள் நிரஞ்சனா தமிழில், உதடு அசையாமல்.

"சும்மா இரும்மா. அவங்க ஆரம்பிக்கட்டும்."

"அவங்க உங்களையே பாக்கறாங்க சார்."

"மரியாதையைப் பாக்கறாங்க."

அப்பளம் நமுத்தது. பரிமாறுபவர் இரண்டு முறை வந்து, ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்.

"என்னால முடியலை, ஃபயர் பண்ணிக்குங்க," என்று நிரஞ்சனா சோற்றைப் பிசைந்து வாயில் போட்டாள். மறுகணமே பேராசிரியரும் பிசைய ஆரம்பித்தார், நல்ல பசியோடு.

சற்றுப் பொறுத்து அவர் கொரிய மொழியில் கேட்டார்: "உங்கள் பிரார்த்தனை எப்போதும் இவ்வளவு நீளமா? குறுக்கிடக் கூடாதென்று காத்திருந்தேன்."

கதிரேசன் விளக்கினார். விளக்க விளக்க அம்மையாரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் வீட்டில் இப்போது பேரன்தான் முதலில் சாப்பிடுகிறான்," என்றார். பிறகு, "பண்பாட்டு வகுப்பை யார் நடத்துகிறார்கள்?"

"நான்தான்."

"அப்படியானால் கட்டாயம் ஆள் அனுப்புகிறேன்."

ஆகஸ்டில் சோலிலிருந்து ஆசிரியை வந்து சேர்ந்தார். துறை மூடப்படவில்லை. பண்பாட்டு வகுப்பு அவர் கைக்குப் போயிற்று. கதிரேசன் இலக்கணம் மட்டும் நடத்துகிறார்.