கேட்டும் எழும்பாதவள்

மாலை ஐந்தரையானால் மரியமலர் வீட்டுக் கதவு சாத்தப்படும். அவளும் கணவன் டொமினிக்கும் மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து, அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பார்கள். தவக்காலத்தில் அவள் தொடக்கிய வழக்கம். உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒழுங்கையில் இப்படியொரு மௌன செபம் வேறெந்த வீட்டிலும் இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் புதன்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள்.

"மலரக்கா! மலரக்கா!"

பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவின் குரல். டொமினிக் எழும்பப் பார்த்தார். மரியமலர் கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடித்து அமத்தினாள். காலையில் குப்பை வாளி வைத்த இடத்தைப் பற்றி நிஸாவோடு வாய்த்தர்க்கம் நடந்திருந்தது. சமாதானம் பேச வந்திருப்பாள், நிற்கட்டும் என்று நினைத்தாள். தட்டல் ஓய்ந்தது. செருப்புச் சத்தம் வீதிப் பக்கமாக ஓடியது.

கதவைத் திறந்தபிறகுதான் செய்தி தெரிந்தது. நிஸாவின் கணவர் ஜவாஹிர் குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார். டொமினிக்கின் ஓட்டோ வாசலில் நிற்க, நிஸா பிரதான வீதிவரை ஓடி வேறு ஓட்டோ பிடித்திருக்கிறாள். மனுசன் உயிர் தப்பிவிட்டார். ஆனால் வலது கையும் காலும் இழுத்துவிட்டன. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

டொமினிக் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

பத்தாம் நாள் ஜவாஹிரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மரியமலர் பார்க்கப் போனாள். நிஸா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"குறை நினைக்காதீங்கக்கா. செபத்தில இருந்த நேரம் தட்டிப் போட்டன். தொழுகையில நிக்கிற ஆக்களைக் கூப்பிடக் கூடாதுதானே."

மரியமலருக்கு முகம் எரிந்தது. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நான் செபிக்கேல்ல, நிஸா. உங்கட குரல் கேட்டது. அவர் எழும்பினவர், நான்தான் விடேல்ல. காலமைக் கோபத்தில இருந்தனான்."

நிஸாவின் கண் நிரம்பியது. துடைக்கவில்லை.

"இதை ஏன் எனக்குச் சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பன்."

உள்ளறையிலிருந்து ஜவாஹிர் குழறிய குரலில் தண்ணீர் கேட்டார். நிஸா எழுந்து போனாள். போவதா, இருப்பதா என்று தெரியாமல் மரியமலர் கூனிக் குறுகி நின்றாள்.

"அக்கா, தனிய ஏலாது. நான் தூக்கிறன், முதுகுக்குத் தலகணியை வையுங்க," என்று உள்ளிருந்து கேட்டது.

போய் வைத்தாள். நிஸா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கஞ்சி கொண்டுபோனாள். வாசலில் நின்றபடியே நிஸா வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.