எண்ணெய்த் தொட்டியும் மாமியாரும்

தெருவிளக்குப் பணிமனையில் தூக்கு வண்டிக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடந்தான். அவன் முகத்துக்கு நேரே ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. வலது வாரில் ஊக்கு குத்தியிருந்தது. மாமியார்தான்.

"மாப்பிள்ளை, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்க போறீங்க?"

"தம்பி வீட்டுக்கு. மத்தியான பஸ்ல."

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். அவள் தோளில் துணிப்பை புடைத்துக்கொண்டிருந்தது. நாலு நாளைக்கான பை அல்ல. மொத்தமாகக் கட்டிய பை.

மகள் நோயில் படுத்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். மகள் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. போன வாரம் உறவுக்காரி ஒருத்தி வீட்டுக்கு வந்து, "பொண்ணே இல்லாத வீட்டுல மாமியாருக்கு என்ன வேலை? அவனும் இன்னொருத்தியப் பார்க்க வேண்டாமா?" என்று காதுபடப் பேசிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போகாதீர்கள் என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இந்தத் தொட்டிய ஒரு கை பிடிங்க, அத்தை. பஸ்ஸுக்கு நேரம் இருக்குல்ல?"

வண்டியின் நீண்ட கையை விளக்குக் கம்பத்தின் உச்சிவரை தூக்குவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெய் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியின் அடிமூலையில் தலைமுடி போல ஒரு விரிசல். எண்ணெயை வடித்துத் தொட்டியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தார்கள். விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் பொடி ஓட்டை போட்டான். பிளேடால் விரிசலை வாய்க்கால் போல அகலப்படுத்தினான். பிறகு சூடான காற்றை ஊதும் துப்பாக்கியைப் பிடித்து, அதே ரக பிளாஸ்டிக் குச்சியை உருக்கி அதில் நிரப்பினான். ஆறியதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், ஒட்டுப் போட்ட இடம் மெல்ல வியர்த்தது.

"கழுவுனீங்களா?" என்றாள்.

"துடைச்சேனே."

"துடைச்சாராம்! எண்ணெய்ச் சட்டிய நீங்க கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாதா? பிசுக்கு மேல எது ஒட்டும்?"

பையை ஓரமாக வைத்தாள். வெந்நீரும் சோப்பும் கேட்டு வாங்கினாள். கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, பிசுக்குப் போய்க் கை கிறீச்சிடும் வரை தேய்த்தாள். அவன் பழைய ஒட்டைச் சுரண்டி எடுத்தான். இரண்டு பேருமாகத் தொட்டியை ஈரம் போகத் துடைத்து முடிப்பதற்குள் மத்தியான பஸ் போய்விட்டது.

"சாயங்காலம் ஒண்ணு இருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே.

அவள் தொட்டியை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவன் மறுபடி குச்சியை உருக்கினான். கண் வேலையில் இருந்ததால் வாய் துணிந்துவிட்டது.

"இன்னொருத்தி வரவே மாட்டான்னு நான் சொல்லல, அத்தை. வந்தாலும் வரலாம். ஆனா நீங்க இருக்கிற வீட்டுக்குத்தான் வரணும்."

"வர்றவ சும்மா இருப்பாளா?"

"இருக்க முடியாதவ வரவேண்டாம்."

அவனே தொடர்ந்தான்.

"அன்னைக்கு சர்க்கரை டப்பாவப் பார்த்து, 'உங்க பொண்டாட்டியும் இப்படித்தான், எதையும் மூடி வைக்கமாட்டா'ன்னு திட்டுனீங்களே. அன்னைக்குத்தான் நான் நல்லா தூங்கினேன். அவளத் திட்டுறதுக்கு இந்த உலகத்துல உங்களையும் என்னையும் விட்டா யாரு இருக்கா? நீங்களும் போயிட்டா நான் யாருகிட்டப் பேசுவேன்?"

அவள் தொட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"குச்சி கருகுது, மாப்பிள்ளை. வேலையப் பாருங்க" என்றாள்.

இந்தத் தடவை அவசரப்படாமல் ஆறவிட்டார்கள். தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாளில் பொட்டு ஈரம் இல்லை. தண்ணீரைக் கொட்டி உள்ளே நன்றாக உலர்த்தி, தொட்டியை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினான். வண்டியின் டிரைவர் அந்த நீண்ட கையின் நுனியில் இருந்த கூடையில் ஏறிக்கொள்ள, மெக்கானிக் கீழே நின்று நெம்புகோலை நகர்த்தினான். வண்டியின் கை மேலே போய் நின்றது. துளிகூட இறங்கவில்லை.

அவள் போனை எடுத்தாள். தம்பியிடம் எப்போதும்போலச் சத்தமாகத்தான் பேசினாள்.

"நான் வரலடா. உடம்புக்கு ஒண்ணுமில்ல. யாரும் ஒண்ணும் சொல்லல. என் பிள்ளை இங்க தனியா கிடக்கும். நான் எப்படி வர்றது?"

மாப்பிள்ளை என்றுதான் இத்தனை வருடமும் கூப்பிட்டிருக்கிறாள். அவன் திரும்பி நின்று, ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கினான். கண் மங்கி ஸ்பானர் வழுக்கியது. அவள் பின்னால் வந்து, முந்தானையால் அவன் கன்னத்து எண்ணெயைத் துடைப்பதுபோல மற்றதையும் துடைத்துவிட்டாள்.

"அண்ணே!" என்று மேலேயிருந்து டிரைவர் கத்தினான். "குடும்ப விஷயத்த அப்புறம் பேசுங்க! முதல்ல என்னைய இறக்கி விடுங்க!"

சிரித்த சிரிப்பில் மெக்கானிக்குக்கு நெம்புகோல் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிற்று.